யதார்த்தமும் பட்டினியும்: உக்ரேனியப் பெரும்பஞ்சம் பற்றிய எழுத்துகள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1933 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 ஆம் திகதி, டொன் நதிக்கரையிலுள்ள வியோஷென்ஸ்காயா என்னும் ஊரிலிருந்து நாவலாசிரியர் மிகயீல் ஷோலகோவ் ஸ்டாலினுக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். தம் மாவட்டத்துக் கூட்டுப்பண்ணை விவசாயிகளிடமிருந்து தானியம் எவ்வாறு பிடுங்கப்பட்டது என்பதே அக்கடிதத்தின் பொருள். தானியத்தை மறைத்து வைத்திருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டோர் உறைகுளிரில் ஆடை களையப்பட்டுக் களஞ்சியங்களில் அடைக்கப்பட்டமை, குடும்பங்கள் வீட்டைவிட்டுத் தெருவுக்குத் துரத்தப்பட்டமை, அவர்களுக்குத் தங்க இடங்கொடுத்தலாகாதென அயலவர் தடுக்கப்பட்டமை, பெண்களின் பாவாடை ஓரத்தில் மண்ணெண்ணெய் ஊற்றித் தீ மூட்டிப் பின்னர் அணைத்து ‘குழி எங்கே’ என விசாரிக்கப்பட்டமை ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக அதிலே கூறப்படுகின்றன. இவை ஓரிரு அதிகாரிகள் வரம்பு மீறியதால் நிகழ்ந்தவை அல்லவென்றும், மாவட்டம் முழுவதற்கும் விதியாக்கப்பட்ட வழிமுறை இதுவேயென்றும் ஷோலகோவ் வற்புறுத்துகின்றார். கடிதத்தின் இறுதியில் அவர் கூறும் ஒரு செய்தி இலக்கிய மாணவரின் கவனத்துக்குரியது. இத்தகைய விடயங்களைக் கொண்டு ‘உழப்பட்ட கன்னிநிலம்’ நாவலின் கடைசி நூலை ஆக்குவதிலும் பார்க்கத் தங்களுக்கு எழுதுவதே நன்று எனத் தாம் முடிவு செய்ததாக அவர் குறிப்பிடுகின்றார்.

யதார்த்தவாதத்தின் தலைசிறந்த பிரதிநிதிகளுள் ஒருவராக உலகெங்கும் எடுத்துக் காட்டப்பட்ட எழுத்தாளர், தாம் கண்ணாரக் கண்ட யதார்த்தத்தை ஆட்சியாளருக்குரிய கடிதப்பொருள் என்றும் வாசகருக்குரிய நாவற்பொருள் அன்று என்றும் வகுத்துக்கொண்டார் என்பதே இதன் கருத்து. அவரைக் குற்றஞ்சாட்டுவதற்காக இது ஈண்டு நினைவுகூரப்படவில்லை. அந்நாளில் அக்கடிதத்தை எழுதியமையே பெருந்துணிவான செயலாகும். ஆயினும் பஞ்சம் பற்றிய இலக்கியத்தை மதிப்பிட முற்படும் எவரும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டியுள்ளது. பல இலட்சம் மக்களைப் பட்டினியால் மாய்த்த ஒரு நிகழ்ச்சி, அது நிகழ்ந்த காலத்து யதார்த்த நாவலுக்குள் ஏன் நுழையவில்லை? பிற்காலத்தில் எந்த வழியாக அது இலக்கியத்துள் வந்து சேர்ந்தது?

உக்ரேனியர் இப்பஞ்சத்தை ‘ஹொலொடொமோர்’ என்பர். ‘ஹொலொட்’ பசியைக் குறிக்கும்; ‘மோர்’ கொள்ளைச் சாவைக் குறிக்கும். 1932-33 ஆம் ஆண்டுகளில் சோவியத் உக்ரேனில் மாத்திரம் ஏறத்தாழ 39 இலட்சம் மக்கள் இதனால் மாண்டனர் என்பது அண்மைக்கால மக்கட்டொகையியலாளர் பலர் ஏற்றுக்கொள்ளும் கணிப்பு. மழை பொய்த்தமையால் மட்டும் வந்த பஞ்சமன்று இது. 1929 இன் இறுதியில் முடுக்கிவிடப்பட்ட கட்டாயக் கூட்டுப்பண்ணையாக்கம், ‘குலாக்’ என்று பெயரிடப்பட்ட குடும்பங்களின் நாடுகடத்தல், விளைச்சலுக்குப் பொருந்தாத தானியக் கொள்முதல் இலக்கு ஆகியவற்றால் கிராமம் ஏற்கெனவே நிலைகுலைந்திருந்தது. அதன்மேல் ஆணைகள் அடுக்கடுக்காக வந்தன. 1932 ஓகஸ்ட் 7 ஆம் திகதிச் சட்டம் கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடுவோருக்கு மரண தண்டனையோ பத்தாண்டுச் சிறையோ விதித்தது. அறுவடை முடிந்த வயலிற் கதிர் பொறுக்கியோரும் அதிலே சிக்கினமையால் மக்கள் வழக்கில் அதற்கு ‘ஐந்து கதிர்ச் சட்டம்’ என்று பெயர். நவம்பரில் இலக்கை எட்டாத கிராமங்கள் ‘கரும்பலகை’யில் ஏற்றப்பட்டன. அவ்வாறு ஏற்றப்பட்ட ஊர்களுக்கு உப்பும் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் நிறுத்தப்பட்டன. தானியம் இல்லையென்றோரிடம் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அபராதமாகப் பறிக்கப்பட்டன. 1933 ஜனவரி 22 ஆம் திகதி ஸ்டாலினும் மொலோடோவும் அனுப்பிய பணிப்புரை, உக்ரேனிலிருந்தும் குபான் பிரதேசத்திலிருந்தும் விவசாயிகள் வெளியேறுவதைத் தடைசெய்தது. உணவு தேடிப் புறப்பட்டோரை எதிரிகளின் தூண்டுதலால் நகர்வோர் என அது வருணித்தது. மார்ச் நடுப்பகுதிக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வழிமறிக்கப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் பசியிருந்த ஊர்களுக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். இக்காலமெல்லாம் தானிய ஏற்றுமதியும் நின்றபாடில்லை.

பஞ்சம் இனப்படுகொலையா என்ற வினாவில் வரலாற்றாசிரியர் ஒத்த கருத்தினர் அல்லர். இனப்படுகொலை என்னும் சட்டக் கருத்தை ஆக்கிய ரஃபேல் லெம்கின், 1953 இல் நியூயோர்க்கில் ஆற்றிய உரையிலே உக்ரேனியருக்கு நேர்ந்ததை அதன் செவ்விய உதாரணமாகக் கொண்டார். அறிவாளர், திருச்சபை, விவசாயி ஆகிய மூவகையினர்மீதும் தொடுக்கப்பட்ட ஒரே தாக்குதலின் பகுதியாகவே பஞ்சத்தை அவர் நோக்கினார். ரொபேட் கொன்குவெஸ்ட், ஆன் அப்பிள்பாம் முதலியோரும் பஞ்சத்தின் தேசியப் பரிமாணத்தை வற்புறுத்தியுள்ளனர். டேவிஸ், வீற்குரொஃப்ற் ஆகியோரோ தவறான கொள்கையும் இரக்கமின்மையும் இருந்தன, அழிக்கும் திட்டமிருந்தது நிறுவப்படவில்லை என வாதிடுவர். கசாக்கியர் தம் மக்கட்டொகையில் இன்னும் பெரிய விகிதத்தினரை அதே ஆண்டுகளிற் பறிகொடுத்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும் ஜனவரிப் பணிப்புரையை முன்வைத்து நோக்குமிடத்து, உணவில்லாத இடம் என்று தெரிந்த இடத்துக்குள் மக்களை அடைத்து வைத்தமையைத் திட்டமிடற் கோளாறு என்று கூறுவது கடினம். 1932 ஓகஸ்டில் ககனோவிச்சுக்கு எழுதிய கடிதத்தில், உக்ரேனை இழந்துவிடக்கூடும் என்ற அச்சத்தை ஸ்டாலினே வெளியிட்டிருந்தமையும் ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஷோலகோவின் நாவலுக்கு மீள்வோம். ‘உழப்பட்ட கன்னிநிலம்’ முதற்பகுதி 1932 இல் வெளிவந்தது. ஆசிரியர் அதற்கு முதலில் இட்ட பெயர் ‘குருதியும் வியர்வையும்’ என்பதாகும். பெயர் மாற்றத்தை அவர் விரும்பி ஏற்கவில்லை. கிரெமியாச்சி லோக் என்னும் கொசாக்கிய ஊருக்கு, லெனின்கிராட் தொழிலாளியான தவிதோவ் 1930 ஜனவரியிற் கூட்டுப்பண்ணை அமைக்க வந்து சேருவதுடன் கதை தொடங்குகின்றது. இந்நாவலைக் கட்சிப் பிரசாரம் என்று ஒதுக்கித் தள்ளுவோர் அதனை ஒழுங்காகப் படித்தவர் ஆகார். பதினொரு பிள்ளைகளையுடைய காயெவ் என்பவனின் வீட்டைப் பறித்த பின்னர், உள்ளூர்ச் சோவியத்தின் தலைவன் ரஸ்மியோத்னோவ், குழந்தைகளோடு போர்புரியத் தன்னால் இயலாது எனக் கூறி அப்பணியிலிருந்து விலக முனையும் கட்டம் ஒன்றுண்டு. தவிதோவ் தன் இளமை வறுமையை எடுத்துரைத்து அவனுக்கு மறுமொழி சொல்கின்றான். நகுல்னோவோ வெறிகொண்டவனாய், புரட்சிக்கு வேண்டுமெனின் முதியோரையும் குழந்தைகளையும் ஆயிரக்கணக்கில் எதிரே நிறுத்தினும் சுட்டுத்தள்ளுவேன் என்று கத்தி மயங்கி விழுகின்றான். மூவரும் ஒரே கட்சியினர். ஆயினும் ஒரே வினைக்கு மூவிதமான மனங்களை நாவலாசிரியர் எதிரெதிரே நிறுத்திவிட்டார். யதார்த்தவாதியின் கண் என்பது இதுதான். அக்கட்டத்தில் ரஸ்மியோத்னோவுக்குச் சொல்லப்படும் விடை அவனைத் திருப்திப்படுத்துவதிலும் பார்க்க வாசகனை அமைதியிழக்கச் செய்வதே அதிகம்.

ஆனால் அதன் பின்னர் நாவல் எங்கே செல்கின்றது? காயெவின் பிள்ளைகள் கதையின் மையத்திலிருந்து நகர்ந்து போகின்றனர். வெளியேற்றப்பட்டோரின் வண்டிகளைக் கதை பின்தொடர்வதில்லை. ஊரிலே தங்கி, உழவும் விதைப்பும் நடைபெறுவதை எழிலோடு வருணிக்கின்றது. இரண்டாம் பகுதி 1959-60 இல், அதாவது பஞ்சம் முடிந்து கால் நூற்றாண்டு கடந்தபின், நிறைவேறியது. அதிலும் கதை 1930 ஆம் ஆண்டைத் தாண்டவில்லை. தவிதோவும் நகுல்னோவும் எதிர்ப்புரட்சிச் சதிகாரரின் குண்டுக்கு இரையாகி வீரமரணம் எய்துகின்றனர். அவர்கள் இன்னும் இரண்டாண்டு உயிரோடிருந்திருப்பின் என்ன செய்திருப்பர் என்று வினவுவது விமர்சனத்துக்குப் புறம்பான வினாவன்று. அவர்களின் பதவியில் இருந்தோர் 1932 குளிர்காலத்தில் என்ன செய்தனர் என்பதை ஷோலகோவின் கடிதமே கூறுகின்றது. கதையை 1930 உடன் நிறுத்தியமையால், கதைமாந்தர் அப்பழியிலிருந்து தப்பினர். தணிக்கையின் கொடுமையைக் கருதி ஆசிரியருக்குச் சலுகை காட்டலாம்; நியாயமும் அதுவே. நாவலின் குறை அதனால் நீங்கிவிடாது.

இவ்விடத்தில் யதார்த்தவாதக் கோட்பாட்டின் மையக் கருத்தொன்று சோதனைக்குள்ளாகின்றது. வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான பாத்திரங்களை உண்மையாகப் படைத்தலே யதார்த்தம் என எங்கெல்ஸ் 1888 இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கினார். லூக்காச் அதனை விரிவான அழகியலாக வளர்த்தெடுத்தார். வரலாறு எத்திசை நோக்கி நகர்கின்றதோ அத்திசையைத் தன்னுள் கொண்ட மனிதனே வகைமாதிரி என்று சோவியத் விமர்சகர் அதற்கு விளக்கம் கண்டபொழுது, பட்டினி கிடந்து செத்த விவசாயி வகைமாதிரி ஆகும் தகுதியை இழந்தான். அவன் வரலாற்றின் கழிவு, தவிதோவே வரலாறு. இவ்வாறு கோட்பாட்டளவில் ஒருவனை நீக்கிவிட்டபின் அவனது சாவைப் பார்க்காதிருப்பதற்குத் தணிக்கையாளனின் துணைகூட வேண்டியதில்லை. எழுத்தாளனும் விமர்சகனும் தாமே பார்வையைத் திருப்பிக்கொள்வர்.

வசீலி குரொஸ்மன் அப்பார்வையைத் திரும்பக் கொணர்ந்தவர். 1905 இல் உக்ரேனின் பெர்திச்சிவ் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தவர். போர்க்காலச் செய்தியாளராகத் திரெப்ளிங்கா கொலைமுகாமைப் பற்றி 1944 இல் எழுதியவர். 1941 இல் தம் தாயாரை அதே பெர்திச்சிவில் நாஜிகளின் படுகொலைக்குப் பறிகொடுத்தவர். அவரது ‘வாழ்வும் விதியும்’ நாவலின் கைப்பிரதிகளை இரகசியப் பொலிஸ் 1961 இல் எடுத்துச் சென்றது. 1955 இல் தொடங்கி 1963 வரை திருத்தி வந்த ‘யாவும் ஓடும்’ என்னும் சிறு நாவல், அவர் இறந்து ஆறு ஆண்டுகளின் பின், 1970 இல் பிராங்பேட்டில் ருஷ்ய மொழியில் அச்சாயிற்று. ஏறத்தாழ முப்பதாண்டுகள் சிறையிலும் முகாமிலும் கழித்துத் திரும்பும் இவான் கிரிகோரியேவிச் என்பவனின் கதை அது. நாவல் என்ற அளவில் அது கட்டுக்குலைந்த நூல். பாதிவழியிலே கதை நின்று லெனினையும் ருஷ்ய வரலாற்றையும் பற்றிய கட்டுரையாகிவிடுகின்றது. அப்பகுதிகளில் குரொஸ்மனின் பொதுமைப்படுத்தல்கள் அவசரமானவை என்ற குறைபாட்டை மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்நூலின் நடுவே அன்னா செர்கேயெவ்னா என்பவள் ஓரிரவு இவானுக்குக் கூறும் பஞ்சக் கதை, இப்பொருள்பற்றி எம்மொழியிலும் எழுதப்பட்டவற்றுள் முதல் வரிசையில் வைத்தெண்ணத்தக்கது.

அதன் வலிமை, சொல்பவள் யார் என்பதில் தங்கியுள்ளது. அன்னா பஞ்சத்திற் பாதிக்கப்பட்டவள் அல்லள். குலாக்குகளை ஒழிக்கும் பணியில் ஆர்வத்தோடு ஈடுபட்ட இளம் செயற்பாட்டாளர்களுள் ஒருத்தி. பட்டியல் எவ்வாறு தயாரிக்கப்பட்டது, அயலவன்மீதிருந்த பொறாமையும் பழைய கடன் பகையும் எவ்வாறு வர்க்கப் பகையாக எழுதப்பட்டன, கூட்டங்களிலும் வானொலியிலும் அவர்கள் மனிதரே அல்லர் என்று ஓதப்பட்டது எவ்வாறு தன் செவியில் ஏறி உண்மையாயிற்று என்பனவற்றை அவள் ஒளிக்காமற் சொல்கின்றாள். அவள் அழுது மன்னிப்புக் கேட்பதில்லை. தன்னைப் பிறர் ஏமாற்றிவிட்டனர் என்று தப்பித்துக்கொள்ளவுமில்லை. ஒரு மனிதக் கூட்டத்துக்கு ஒரு சொல்லைச் சூட்டி, அச்சொல்லைக் காட்டியே அவர்களை மனித வகுப்பிலிருந்து நீக்க முடிந்தது என்பதை, அச்சொல்லைத் தானும் உச்சரித்தவளாக இருந்து அவள் விளக்குகின்றாள். யூதரைப் பற்றி ஜெர்மானியர் கூறியதும் இதுவே என்று அவள் ஒப்பிடும்போது, அவ்வொப்பீட்டின் பின்னால் பெர்திச்சிவில் இறந்த ஒரு தாய் நிற்பதை வாசகர் உணர்வர்.

குலாக்குகள் அகற்றப்பட்டபின் எஞ்சியோர் மீதே கொள்முதல் சுமை விழுகின்றது. இனி அவர்களும் மறைப்போர், கள்வர், நாசகாரர் என்றாகின்றனர். ஒரு சொல்லால் தொடங்கிய நீக்கம் கிராமம் முழுவதையும் விழுங்குகின்றது. இந்நகர்வைக் குரொஸ்மன் கோட்பாடாகச் சொல்லாது நாட்பட்ட விவரங்களாகவே தருகின்றார். களஞ்சியம் முதலில் துப்புரவாகின்றது. பின்னர் நிலத்தடி, பின்னர் அடுப்படி. நாயும் பூனையும் மறைகின்றன. இருப்புப்பாதையோரம் வந்து கிடப்போர், ஓடும் வண்டியிலிருந்து எறியப்படும் பாண் துண்டுக்காகக் கையேந்துகின்றனர். வண்டியின் சாளரங்களோ மூடப்படுகின்றன. நகரத்திலே பாணுக்கு நிற்கும் வரிசையில் ஒருவர் முன்னிற்பவரின் இடையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றனர். விட்டால் இடம் போய்விடும். எண்ணிக்கை எங்கும் இல்லை. இலட்சம் என்ற சொல்லுக்கு எட்டாத காட்சிகள் இவை.

இதைத் தொடர்ந்து வரும் அத்தியாயம் மிகச் சிறியது. வசீலி திமோபேயெவிச், அவன் மனைவி ஹன்னா, அவர்களின் குழந்தை கிரிஷா என மூவரே அதிலுள்ளனர். மெதுவாகப் பேசுபவனும் நாணமுள்ளவனுமாகிய கணவன் தன் பங்கைக் குழந்தைக்கும் மனைவிக்கும் கொடுத்து வந்தமையால் அவர்களுக்கு முன்னரே இறந்துபோகின்றான். அரசியல் ஒரு சொல்லும் அங்கில்லை. அந்த மூவர்க்கும் பெயர் உண்டு, குணம் உண்டு, ஒருவர்மேல் ஒருவர்க்குக் கூச்சம் கலந்த அன்பு உண்டு. அன்னாவின் வாக்குமூலத்தில் ஒரு வகுப்பாரிடமிருந்து பறிக்கப்பட்ட மனிதத்தன்மை, இச்சில பக்கங்களில் மூவருக்குத் திருப்பிக் கொடுக்கப்படுகின்றது. வகைமாதிரிக் கோட்பாட்டுக்கு விடை கூற வேண்டுமென்று குரொஸ்மன் கருதினாரோ இல்லையோ, வசீலி திமோபேயெவிச்சே 1933 இன் வகைமாதிரி மனிதன் என்பது இவ்வத்தியாயத்தைப் படித்தோர்க்கு ஐயமின்றிப் புலனாகும். அவனைப் போன்றோர் 39 இலட்சம் பேர். தவிதோவைப் போன்றோர் எத்தனை பேர்?

அன்னா வெறுங்கற்பனை அல்லள் என்பதற்கு லெவ் கோபெலெவின் நினைவுக் குறிப்புகள் சான்றாகும். கீவ் நகரிற் பிறந்த இவர், இருபது வயது இளைஞராகக் கார்கிவ் தொழிற்சாலையொன்றிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டுத் தானியத் தேடலில் தாமும் பங்குகொண்டதை 1978 இல் வெளியான நூலில் ஒப்புக்கொண்டார். பெண்களின் அழுகுரலைச் செவியில் விழாததாக்கிக்கொள்ள நம்பிக்கை எவ்வாறு துணைசெய்தது என்பதை அவர் விவரிக்கும் பாங்கு, குரொஸ்மனின் பாத்திரத்தோடு வியப்புறுமளவு ஒத்துள்ளது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பறித்தவர்கள் கொள்ளையர் அல்லர், இலட்சியவாதிகள். நல்லதொரு எதிர்காலத்தின் பெயரால் நிகழ்காலத்து மனிதனைப் பாராதிருக்கப் பழகியவர்கள். பஞ்ச இலக்கியத்தின் கடினமான பகுதி இதுவே. கொடியவனைப் படைப்பது எளிது.

வசில் பார்காவின் ‘மஞ்சள் இளவரசன்’ இவ்விடத்தில்தான் தடுமாறுகின்றது. 1908 இல் பொல்தாவாப் பகுதியிற் பிறந்த பார்கா, பஞ்ச காலத்திற் குபானில் இருந்து தாமே பசியால் வீங்கிச் சாவின் விளிம்பைக் கண்டவர். போருக்குப்பின் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்து, தம் நினைவுகளையும் தப்பிவந்தோர் பலரின் சாட்சியங்களையும் நெடுங்காலம் தொகுத்து, உக்ரேனிய மொழியில் இந்நாவலை எழுதி 1960 களின் தொடக்கத்தில் வெளியிட்டார். பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1981 இல் வந்தது. 1991 இல் ஒலெஸ் யஞ்சுக் இயக்கிய ‘பஞ்சம்-33’ என்னும் திரைப்படத்துக்கும் இதுவே மூலமாயிற்று. மிரோன் கத்ரான்னிக் என்னும் விவசாயியின் குடும்பம் ஒருவர்பின் ஒருவராக அழிவதும், கடைசி மகன் அந்திரீக்கோ மாத்திரம் எஞ்சுவதுமே கதை.

கிராமத்தார் தேவாலயத்தின் திருக்கிண்ணத்தை மண்ணிற் புதைத்து மறைக்கின்றனர். அது இருக்குமிடத்தை அறிய, தானியக் கொள்முதலுக்கு வந்த ஒத்ரொஹோதின் என்ற அதிகாரி, பட்டினியால் சாகும் மிரோனுக்கு உணவைக் காட்டி ஆசை ஊட்டுகின்றான். மிரோன் சொல்ல மறுக்கின்றான். சொல்லியிருந்தால் அவன் பிள்ளைகள் பிழைத்திருக்கக்கூடும். இக்கட்டம் நாவலின் உயிர்நாடி. ஒரு கிண்ணத்துக்காகப் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைத்தல் முறையா என்ற வினா வாசகனிடம் எழும். பார்காவுக்கோ அவ்வினா எழுந்ததாகத் தெரியவில்லை. அவர் விசுவாசியின் கண்கொண்டு பார்க்கின்றார். பஞ்சம் அவருக்குத் திருவெளிப்பாட்டு நூலின் நிறைவேற்றம். மஞ்சள் இளவரசன் என்பது பேயரசனின் பெயர். இதனால் ஒத்ரொஹோதின் ஒரு மனிதனாக உருப்பெறாமல், தீமையின் நிழலாகவே நின்றுவிடுகின்றான். குரொஸ்மனின் அன்னாவைப் படித்தபின் இது பெருங்குறையாகத் தோன்றும். பேய்கள் செய்த தீமைக்கு மனிதர் பொறுப்பாளிகள் ஆகார் அல்லவா?

ஆயினும் பார்காவிடம் உள்ளதொன்று ருஷ்ய மொழி நூல்கள் இரண்டிலும் இல்லை. பசியின் நாட்குறிப்பை அவர் போல உள்ளிருந்து எழுதியவர் அரிது. வேர், மரப்பட்டை, எலிவளைத் தானியம் என உணவு தேடும் கண்கள் நிலத்தை எவ்வாறு பார்க்கின்றன, கால் வீங்கிய ஒருவனுக்கு வீட்டு வாசற்படி எவ்வளவு உயரமாகின்றது, குழந்தை பேசுவதை எந்தக் கட்டத்தில் நிறுத்திக்கொள்கின்றது என்பன உடலால் அறிந்தவன் மட்டுமே எழுதத்தக்கவை. இரண்டாவதாக, அழிவது ஒரு குடும்பம் மட்டுமன்று என்பதும் அவருக்குத் தெரியும். தேவாலய மணி இறக்கப்படுகின்றது; வழிபாடும் சடங்கும் நின்றுபோகின்றன; இறந்தோரை முறைப்படி அடக்கஞ் செய்ய ஆளில்லை. குரொஸ்மன் உக்ரேன், டொன், குபான் ஆகிய மூன்றையும் சேர்த்தே பேசுகின்றார். விவசாயியின் சாவு அவருக்குத் தெரிகின்றது. உக்ரேனியனின் சாவு மங்கலாகவே தெரிகின்றது. அதே மாதங்களில் குபானிலே உக்ரேனிய மொழிப் பாடசாலைகளும் பத்திரிகைகளும் ருஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டமை, 1932 டிசெம்பர் 14 ஆம் திகதித் தானியக் கொள்முதல் ஆணையிலேயே உக்ரேனியமயமாக்கற் கொள்கையும் கண்டிக்கப்பட்டமை ஆகியவற்றை மனங்கொண்டால், பார்காவின் கிண்ணம் எதற்குக் குறியீடாகின்றது என்பது விளங்கும். மிரோன் காத்தது உலோகப் பொருளன்று என அவர் நம்பினார். அந்நம்பிக்கையை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், பசி ஏவப்பட்ட திசையை அது சரியாகவே சுட்டுகின்றது.

தானியத்தோடு மொழியும் சேர்த்துத் தாக்கப்பட்டமைக்கு உக்ரேனிய எழுத்தாளர் ஒருவரின் முடிவே சாட்சி. மைக்கோலா ஹ்விலோவி பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர். புரட்சியைப் பாடிய தலைமுறையின் முதன்மைப் படைப்பாளி. பஞ்சத்தின்போது கிராமங்களுக்குச் சென்று கண்டு திரும்பியவர், சக எழுத்தாளர் ஒருவர் கைதானதை அடுத்து, 1933 மே 13 ஆம் திகதி கார்கிவில் தம்மைத்தாமே சுட்டுக்கொண்டார். உக்ரேனிய மொழிக் கல்வியைக் கட்டியெழுப்பிய மைக்கோலா ஸ்கிரிப்னிக் ஜூலை 7 ஆம் திகதி அவ்வாறே மாண்டார். ஹ்விலோவி பஞ்சத்தைப் பற்றிய நாவலொன்றை விட்டுச் செல்லவில்லை. ஷோலகோவுக்குக் கடிதம் எழுத ஓர் ஆட்சியாளர் இருந்தார். ஹ்விலோவிக்கு அப்படி எவரும் இருக்கவில்லை.

ஷோலகோவுக்கு விடையும் கிடைத்தது. வியோஷென்ஸ்காயாவுக்கும் அயல் மாவட்டத்துக்கும் தானியம் அனுப்பப்பட்டது, விசாரணையாளரும் வந்தனர். ஆனால் மே 6 ஆம் திகதி ஸ்டாலின் எழுதிய பதிலில், எழுத்தாளர் ஒரு பக்கத்தை மட்டுமே காண்கின்றார் என்றும், அவர் இரங்கும் விவசாயிகள் சோவியத் ஆட்சியின்மீது சத்தமில்லாத போரொன்றை நடத்திவருகின்றனர் என்றும் கூறப்பட்டிருந்தது. பட்டினி கிடப்பவனே போர் தொடுத்தவன் ஆனான். அன்னா செர்கேயெவ்னா தன் செவியால் கேட்டு நம்பியதாகக் கூறும் பேச்சு இதுவேயாகும். ஷோலகோவ் அதனை நேரடியாகவே பெற்றுக்கொண்டார். இக்கடிதப் பரிமாற்றத்தின் பகுதிகளைக் குருஷ்சேவ் 1963 மார்ச்சிற் பகிரங்கப்படுத்தும் வரை வாசகர் அதனை அறியார்.

ஈழத்துத் தமிழ் வாசகர் ஒரு தலைமுறைக் காலம் ருஷ்யக் கிராமத்தை மாஸ்கோவின் மலிவுப் பதிப்புகள் வாயிலாகவே அறிந்தனர். அவற்றால் விளைந்த நன்மை பெரிது. தோல்ஸ்தோயும் செக்கோவும் கார்க்கியும் இங்கே வீட்டுப் பெயர்களானமை அவற்றாலேயே. அதே பதிப்புகளில் இல்லாதவை எவை என்ற வினாவைக் கேட்கும் வழக்கம் மட்டும் எம் விமர்சகரிடையே அரிதாயிருந்தது. சோஷலிச யதார்த்தவாதம் பற்றி இங்கு நிகழ்ந்த நீண்ட விவாதங்களில், அதனை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் உருவம், உள்ளடக்கம், பிரசாரம் என்பன பற்றியே வாதிட்டனர். நாவலொன்று எந்த ஆண்டில் தன் கதையை நிறுத்திக்கொள்கின்றது, ஏன் நிறுத்திக்கொள்கின்றது என்பதும் விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வியே.

‘யாவும் ஓடும்’ 1989 இல் மாஸ்கோச் சஞ்சிகையொன்றில் முதன்முறையாக வெளிவந்தது. ஷோலகோவ் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே காலமானார். அதற்குச் சற்று முன்பு, 1988 இன் இறுதியில், லிதியா கொவலென்கோ, வொலொதிமிர் மனியாக் என்னும் எழுத்தாளத் தம்பதியர் உக்ரேனியக் கிராமப்புறத்தாருக்கான பத்திரிகையொன்றின் வாயிலாகப் பஞ்சத்தை நினைவில் வைத்திருப்போர் எழுதுமாறு வேண்டுகோள் விடுத்தனர். ஆயிரக்கணக்கான கடிதங்கள் வந்து குவிந்தன. 1933 இற் குழந்தைகளாயிருந்து முதுமை எய்தியோர், ஊர்ப்பெயரையும் இறந்தோர் பெயரையும் எழுதி அனுப்பினர். அவற்றிலிருந்து தொகுக்கப்பட்ட ‘33: பஞ்சம்’ என்னும் மக்கள் நினைவு நூல் 1991 இல் கீவ் நகரில் வெளியாயிற்று.